வீமனின் வயிறு

எங்கள் வீட்டு நாய்க்கு வீமன் என்று பெயர். தாயற்ற குட்டியாக வந்த முதல் நாளே ஒரு சட்டி சோற்றைத் தனியே தின்று தீர்த்ததைக் கண்டு என் தாயார் வைத்த பெயர் அது. எட்டு ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு அது எவ்வித இழுக்கையும் தேடித் தரவில்லை. ஆனால், சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் காலை, வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மத்தியானம் மஞ்சள் நிறமாக வாந்தி எடுத்தது. மாலையில், முன்னங்கால்களை நீட்டி மார்பை நிலத்தில் வைத்து, பின்புறத்தை உயர்த்தியவாறு யாரையோ கும்பிடுவதுபோல் நெடுநேரம் நின்றது. "நாயும் கும்பிடப் பழகீட்டுது" என்று அயல்வீட்டுச் சிறுவர்கள் சிரித்தார்கள். அது வழிபாடன்று, வயிற்று வலி என்பதை மறுநாள் மிருக வைத்தியர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

"கடைசியா என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டார்.

அதற்கு முந்திய நாள் என் தந்தையாரின் ஆண்டுத் திவசம். எஞ்சிய வடை, வாழைக்காய்ப் பொரியல், கெட்டித் தேங்காய்ப்பாலில் வைத்த கறி எல்லாவற்றையும் சோற்றோடு குழைத்து, என் தாயார் அதன் சட்டியை நிறைத்திருந்தார். வஞ்சகமின்றி, நிறைந்த அன்போடு செய்த காரியம். அந்த அன்பே அதன் வயிற்றில் நெருப்பாகிவிட்டது.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்றொரு சுரப்பி இருக்கிறது. உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களை அது சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. குடலை அடைந்த பின்னரே அவை தொழிற்பட வேண்டும். கணையம் அழற்சியுற்றால், அந்த நொதியங்கள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, தாம் பிறந்த வீட்டையே செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. கொழுப்பு மிகுந்த உணவை ஒரே தடவையில் மிகையாக உண்பது நாய்களில் இந்த நோயைத் தூண்டக்கூடியது. வீமனுக்கு இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றினார்கள். வாந்தியையும் வலியையும் தணிக்க ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டது. "இனி இதின்ர மருந்து சாப்பாடுதான், சேர். கொழுப்புக் குறைஞ்ச சாப்பாடு. கொஞ்சங் கொஞ்சமா, ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று தொடங்கியது என் தேடல்.

முதலில் கடைகளுக்குச் சென்றேன். நோயுற்ற நாய்களுக்கென்றே செய்யப்பட்ட வெளிநாட்டு உணவுகள் உள்ளன. அவற்றின் விலையைக் கேட்ட பின்னர், என் சம்பளத்தை நினைத்துப் பேசாமல் திரும்பினேன். சாதாரண நாயுணவுகளின் உறைகளை எடுத்துப் படித்தேன். தகரப்பேணி ஒன்றில் கொழுப்பு நூற்றுக்கு 3 என்று இருந்தது. உலர்ந்த உணவுப் பொதி ஒன்றில் நூற்றுக்கு 12 என்று இருந்தது. பேணியே சிறந்தது என்று எண்ணி மகிழ்ந்தேன். வைத்தியர் அந்த மகிழ்ச்சியைக் கலைத்தார். பேணியில் நூற்றுக்கு 75 பங்கு வெறும் நீர். நீரை நீக்கினால் எஞ்சுவது 25 பங்கு. அதில் 3 பங்கு கொழுப்பென்றால் அதுவும் நூற்றுக்கு 12 தான். உலர்ந்த பொதியில் நீர் 10 பங்கு என்று கொண்டால், அதன் கொழுப்பு 13 பங்கைச் சற்றே தாண்டும். இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு எதுவுமில்லை. நீரை நீக்கிக் கணக்கிட்டு, பத்துக்குக் கீழே வருவதையே தேடவேண்டும் என்றார். பொருளின் மேல் எழுதப்பட்ட எண் பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்ற வல்லது என்பதை, வகுப்பில் நூறு தடவை சொன்ன நான் கடையில் நின்றபோது மறந்துபோயிருந்தேன்.

ஆகவே அடுக்களைதான் தஞ்சம் என்றாயிற்று. நமது யாழ்ப்பாணத்து அடுக்களையோ தேங்காயின் இராச்சியம். தேங்காய்ப்பூவில் மூன்றிலொரு பங்கு கொழுப்பு. தோல் நீக்கி அவித்த கோழி நெஞ்சிறைச்சியில் நூறு கிராமுக்கு மூன்று, நான்கு கிராம் மாத்திரமே. வெறுஞ் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. முட்டையின் கொழுப்பு முழுவதும் மஞ்சட் கருவில்; வெள்ளைக் கருவில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, குழைய அவித்த சோறு, தோலும் எலும்பும் நீக்கிய கோழி அல்லது முள் நீக்கிய வெள்ளை மீன், சிறிது பூசணிக்காய் என்று ஒழுங்கு செய்தோம். கோழி அவித்த நீரை ஆறவைத்து, மேலே உறைந்து மிதக்கும் கொழுப்பை வழித்தெறிந்துவிட்டுச் சோற்றில் ஊற்றினோம். உப்பு இல்லை, தேங்காய் இல்லை. வெங்காயமும் உள்ளியும் அறவே இல்லை. அவை இரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் நஞ்சு என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். எட்டு ஆண்டுகளாக வெங்காயம் போட்ட கறியைத்தான் அதற்கு ஊட்டி வந்தோம்! சோறும் கோழியும் மாத்திரம் நெடுங்காலத்துக்குப் போதமாட்டா, கல்சியமும் விற்றமின்களும் சேர வேண்டும் என்று வைத்தியர் எச்சரித்தார். அவர் எழுதித் தந்த அளவின்படி அவற்றையும் சேர்த்தோம்.

இவ்வளவையும் என் தாயார் இலகுவில் ஏற்றுக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். "நாய்க்குத் தனிச் சமையலோ? இவ்வளவு காலமும் மிச்சத்தைத் திண்டுதானே வளர்ந்தது? ஊர் சிரிக்கும்" என்றார். ஊரும் சிரிக்கத்தான் செய்தது. அயலில் வாழும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, சனம் ஒருநேரச் சோத்துக்கு அலையுது. நீர் நாய்க்குக் கோழி அவிக்கிறீர்" என்றார்.

அவருடைய கேள்வியை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. 2022 ஆம் ஆண்டில் இந்த நாடு கடனை அடைக்க வழியின்றி நின்றபோது, எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். என் தாயாரின் இன்சுலினைத் தேடி மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்ததும் அவ்வாண்டில்தான். மனிதருக்கே மருந்தில்லாத நாட்டில் நாயின் பத்தியத்துக்கு இடமுண்டா?

தாயாருக்கு நான் சொன்ன பதில் அந்த இன்சுலினில் இருந்தே பிறந்தது. 1889 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இரு வைத்தியர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை உலகம் அறிந்தது அந்த நாயின் துன்பத்தினால். 1921 இல் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் என்போர் நாய்களின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு, கணையம் இழந்த வேறு நாய்களின் குருதிச் சீனியைக் குறைத்துக் காட்டினார்கள். 1922 சனவரியில் மாட்டின் கணையச் சாறு பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. அம்மருந்தின் உரிமையை, கண்டவர்கள் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த நாய்களுக்கோ அந்த ஒரு டொலரும் இல்லை. செரிமானச் சுரப்பிகளை நாய்களில் ஆராய்ந்து 1904 இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ் அந்தக் கடனை உணர்ந்தவர். 1935 இல் லெனின்கிராட்டில், அவர் பணியாற்றிய ஆராய்ச்சி நிலையத்தின் முற்றத்தில், நாய்க்கென்றே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது.

"அம்மா, நீங்கள் காலமை போடுற ஊசி நாயளின்ர கணையத்தாலதான் கிடைச்சது" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாட் காலை நான் எழுமுன்பே வீமனின் சோறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் இதனை நான் எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் வளவைக் கூட்டித் துப்புரவாக்கக் கிழமைக்கு இருமுறை ஒரு மூதாட்டி வருவார். என் தாயாரிலும் பத்து வயது மூத்தவர். ஆயினும் எங்கள் வீட்டில் எவரும் அவரை முறை சொல்லி அழைத்ததில்லை. பெயர் சொல்லியே அழைத்தோம், நான் உட்பட. அவர் மத்தியானம் உண்பது கிணற்றடியில், முருங்கை மரத்தின் கீழ். அவருடைய தட்டு, மால் இறப்பில் செருகியிருக்கும். அதில் விழுவது பெரும்பாலும் முதல் நாட் சோறு, முதல் நாட் கறி. அது என் பேர்த்தியார் காலத்து ஒழுங்கு. நான் பிறக்கும் முன்பே இருந்தது. ஆகவே என் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது.

ஒருநாள் வீமனின் சோற்றை ஆறவைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். ஆவி பறந்தது. அவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு அருகே வந்து பார்த்தார்.

"தம்பி, நாயின்ர வயித்துக்குப் பழசு ஆகாதெண்டு டொக்டர் சொன்னவரோ?"

"ஓம்" என்றேன்.

"என்ர வயித்தைப் பார்த்து ஒருதரும் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்னர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால், எனக்குக் கையிலிருந்த கிண்ணம் கனத்தது.

நான் வகுப்பில் என்ன போதிக்கிறேன்? சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்ததைச் சொல்கிறேன். 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தைச் சொல்கிறேன். தேநீர்க் கடைகளில் சமமாக அமர்ந்து குடிப்பதற்காக மக்கள் அடிபட்டதையும், உயிர் கொடுத்ததையும் சொல்கிறேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், கடைகளின் கதவுகள் திறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், என் வீட்டு மால் இறப்பில் அந்தத் தட்டு செருகியபடியே இருந்தது.

அயலவர் வேலிக்கு மேலால் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. நாய்க்கு ஒரு பிடி சோறு அவித்ததால் மனிதர் எவருடைய சோறும் குறைந்துவிடவில்லை. எங்கள் பானை சிறியதாக இருக்கவில்லை. வீமனின் நோய் எங்களை ஒரு கேள்வியைக் கேட்க வைத்தது: இந்த வயிற்றுக்கு எது வேண்டும்? அந்தக் கேள்வியை அந்த முதியவளைப் பார்த்து நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எங்களுக்கு எது வேண்டாமோ, அதையே கொடுத்தோம். கொடுத்துவிட்டு அதை ஈகை என்றும் எண்ணினோம்.

நாயின் வரலாறே மிச்சத்தின் வரலாறுதான். ஓநாய்களிலும் நாய்களில், மாப்பொருளைச் செரிக்கும் கணைய நொதியத்துக்குரிய பரம்பரை அலகு பல மடங்காகப் பெருகியுள்ளது என்று 2013 இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மனிதன் பயிர் செய்யத் தொடங்கியபின், அவன் வீட்டு வாசலில் கிடந்த தானிய மிச்சத்தை உண்டு உண்டு நாயின் உடலே மாறிவிட்டது என்பது அவர்கள் கருத்து. நாய்க்கு அது இயற்கை வகுத்த வழி என்று கொள்வோம். மனிதரை மிச்சத்துக்குப் பழக்கியது எந்த இயற்கை? அந்தத் தானியத்தை விளைவித்த கைகளே அவர்களுடையவை அல்லவா?

அன்றிரவு தாயாரோடு இதைப் பற்றிப் பேசினேன். வாக்குவாதம் ஆயிற்று. "நான் ஆரையும் பட்டினி போட்டனானோ?" என்று கண் கலங்கினார். அவர் யாரையும் பட்டினி போட்டவரல்லர், அது உண்மை. நான் மேலும் பேசவில்லை. நாலு நாட்களின் பின்னர் அம்மூதாட்டி வந்தபோது, என் தாயார் குசினி வாசலுக்கு வந்து, சற்றுத் தயங்கிக் கேட்டார்:

"உனக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும்?"

அவர் திகைத்துப் போனார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும் சீனி வருத்தந்தான், அம்மா. நாலு வருசமாச்சு. கிளினிக்கில குளிசை தருகினம்."

நாலு வருடங்களாக, வந்த ஒவ்வொரு நாளும், அவருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தவர் என் தாயார். அதே வருத்தத்துக்கு அடுத்த அறையில் தான் ஊசி போட்டுக்கொண்டே கொடுத்தார். அவரும் மறுக்காமல் குடித்தார். கொடுத்ததை மறுக்கும் உரிமை தமக்கு உண்டென்று அவர் எண்ணியதில்லை.

இப்போது வீமன் நலமாக இருக்கிறது. மெலிந்துவிட்டது, பெயருக்குத்தான் சற்று இழுக்கு. ஆச்சிக்கு — இப்போது அவரை அப்படித்தான் அழைக்கிறேன் — அன்றன்று ஆக்கிய சோறும் இரண்டு மரக்கறியும், சீனி போடாத தேத்தண்ணீரும். மால் இறப்பிலிருந்த தட்டை நானே எடுத்தெறிந்தேன். அவர் இப்போது வீட்டுத் தட்டில்தான் உண்கிறார். ஆனால், மேசையில் வந்து அமரச் சொன்னால் மாட்டேன் என்கிறார். குசினி வாசற்படிவரை வந்திருக்கிறார். கிணற்றடியிலிருந்து அந்தப் படிக்கு இருபது அடி தூரம். அதைக் கடக்க எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறை எடுத்தது. படியிலிருந்து மேசைக்கு இன்னும் ஆறு அடி இருக்கிறது.