துளியின் தாகம்

பினதுபோ எரிமலை, பிலிப்பைன்ஸ், 1991 ஜூன் 15. வெடித்து மேலே போனதில் சாம்பல் சீக்கிரமே இறங்கிவிட்டது. சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டை ஆக்சைடு மட்டும் சில வாரங்களில் கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஓரிரு ஆண்டு அடுக்கு மண்டலத்திலேயே தங்கியது. உலகம் அரை டிகிரி குளிர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் துளிகளின் மேல் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை.

எரிமலை தூங்கும்போதும் துளிகள் உண்டு. 1960 வாக்கில் பலூன் அனுப்பிக் கண்டவர் கிறிஸ்டியன் யுங்கே. முக்கால் பங்கு அமிலம், கால் பங்கு தண்ணீர். தலைமயிரின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான் இருக்கும்.

துளி ஓசோனைத் தொடுவதே இல்லை! இரவில் உருவாகும் டைநைட்ரஜன் பென்டாக்சைடு அதன்மேல் மோதி, தண்ணீரோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. ஓசோனை அழிக்கும் குளோரினைப் பிடித்துக் கட்டிவைப்பது நைட்ரஜன் டை ஆக்சைடு. அதன் கையிருப்பு இப்படிக் குறைந்தால் குளோரினுக்குக் கட்டு இல்லை. காவல்காரனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்து போட்ட மாதிரி.

இன்னொன்று, இதற்குக் கடுங்குளிர் வேண்டும். குளோரின் நைட்ரேட், ஹைட்ரஜன் குளோரைடு இரண்டும் தனித்தனியே சாதுக்கள். துளிக்குள் சந்தித்தால் குளோரின் வாயு வெளியே வரும். வெயில் பட்டதும் உடையும். ஆனால் அடர்ந்த அமிலத்தில் ஹைட்ரஜன் குளோரைடு கரையாது. குளிர ஆரம்பித்ததும் துளி சுற்றியிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது. மைனஸ் 78 டிகிரி வாக்கில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி தண்ணீர். அப்போது கரைகிறது. (தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே என்று ஆய்வகத்தில் வாங்கிய திட்டு நினைவுக்கு வருகிறது. அதே தாகம்தான்.)

ஓசோன் ஓட்டைக்குத் துருவ மேகங்களின் பரப்பில் நடக்கும் வினைகளே காரணம் என்று சூசன் சாலமனும் மற்றவர்களும் 1986இல் சொன்னார்கள். 1989இல் ஹாஃப்மனும் அவரும் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடிப்பை (1982) வைத்து, துருவத்துக்கு வெளியேயும் அமிலத் துளி இந்த வேலையைச் செய்யும் என்றார்கள். இரண்டே ஆண்டில் பினதுபோ. நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்தது; 1993இல் ஓசோன் அளவு அதுவரை காணாத தாழ்வுக்குப் போனது.

1883இல் கிரகடோவா எரிமலையும் இதே அமிலத்தைத்தான் அனுப்பியது. அன்று மேலே குளோரினைக் கொண்டுபோகும் குளிர்பதன வாயுவான குளோரோஃபுளோரோகார்பன் கிடையாது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஓசோனைத் தின்பவையே. அவை அடைபட்டதால் ஓசோன் கொஞ்சம் கூடியும் இருக்கலாம். ஆக, குற்றவாளி எரிமலை அல்ல, நம் பழைய குளிர்பதனப் பெட்டி.

பால் க்ருட்சன், எரிமலை அமைதியாக உள்ள காலத்தில் இந்தத் துளிகளுக்குத் தீனி கார்பனைல் சல்பைடு என்று 1976இல் எழுதினார். 2006இல், பூமியைக் குளிர்விக்க நாமே மேலே கந்தகம் தூவுவதை ஆராயலாம் என்றார். இடையில் நோபல் பரிசு, ஓசோனுக்காக. குளோரின் தணிந்த பிறகுதான் தூவ வேண்டும் என்றால், எந்த ஆண்டில் தூவுவது? குளோரோஃபுளோரோகார்பன்-12 காற்றில் நிற்பது சுமார் 100 ஆண்டு.