கறுப்புப் பூச்சுக்குக் கீழே

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர்களில் சாமை மூட்டையும் புளியும் கீழே இறங்குவதற்கும், காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கும் இன்னும் ஜீப் வேண்டியிருக்கிறது. மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய வண்டிகளுக்கு எலும்பு சேசிஸ்தான்: முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை ஏணிபோல் கோக்கும் குறுக்குச் சட்டங்கள். இன்ஜினை மாற்றலாம், பாடியைப் புதிதாகக் கட்டலாம். வண்டியின் அடையாள எண் குத்தப்பட்டிருப்பது சேசிஸில். இந்தச் சட்டங்களைத் துருவிலிருந்து மீட்கும் வேலையைக் கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. வெல்டிங் வைப்பதைவிட, எங்கே வைக்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தொழில். கூலி பேசும்போது விட்டுப்போவதும் அந்த வேலைதான்.

கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் மலையில் சேசிஸ் எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் டகோமா, டண்ட்ரா வண்டிகளின் சேசிஸ் அரித்துப்போன வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளைப் பரிசோதித்துக் கெட்டவற்றைச் சரிசெய்து தர 2016-இல் டொயோட்டா ஒப்புக்கொண்டது. அங்கே பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு அரிப்பை விரைவுபடுத்தியது. இங்கே அந்த உப்பில்லை, சேறு இருக்கிறது. நீளச் சட்டம் பக்கவாட்டில் சாய்த்த ‘ப’ போன்றது. அதன் கீழ் உதட்டில் செம்மண்ணும் சருகும் தங்கி, மழை விட்டு வாரங்கள் ஆனாலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டமானால் இன்னும் மோசம். உள்ளே போன சேறு வெளியே வர வழியில்லாமல் அங்கேயே ஊறும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் ஒட்டவைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிடித்தால் அது தகட்டையே உப்ப வைத்துப் பிளக்கிறது. ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகள், பின் அச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடம், பாடி உட்காரும் ரப்பருக்கு அடிப்பக்கம் ஆகியவற்றில் முதலில் தேட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தேடும் முறை எளிமையாகத் தெரியும். முதலில் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு சின்னச் சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடம் மொத்தென்று அடங்கிவிடும். அங்கே கூரான கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். செதிள் உதிர்ந்து கம்பி உள்ளே இறங்கினால் தீர்ப்பு சொல்லியாயிற்று. மேலே செம்பொடி படிந்திருப்பது மட்டும் ஆபத்தில்லை. பல வண்டிகளில் பார்க்கவே அசிங்கமான துரு கம்பி பிரஷ்ஷில் போய்விடும். பளபளக்கும் கறுப்புப் பூச்சுக்குக் கீழே சட்டம் காகிதமாகியிருக்கும். கண்ணைவிடக் காதை நம்பும் இந்தப் பயிற்சி பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது.

பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. ஆயில் ஈரத்தைக் கொஞ்ச காலம் தள்ளி நிறுத்தும், உண்மைதான். ஆனால் புழுதி அதில் ஒட்டிப் படையாகும், ரப்பர் புஷ் உப்பிக் கெடும், பிறகு பெயின்ட் பிடிக்காது. சொட்டும் கழிவும் செய்யாறு பிறக்கும் இந்த மலையின் மண்ணில்தான் இறங்குகிறது. துருவின் மேலேயே தாரோ பட்டியோ பூசுவது இதைவிடக் கெடுதல். ஈரத்தை உள்ளே பூட்டிவிட்டு, அடுத்துப் பார்ப்பவரின் கண்ணையும் கட்டிவிடுகிறது. இதே மலையில், காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கு அலுமினியம் பூசும் வசதி இருக்கிறது. பழைய பூச்சை முழுக்கக் கழற்றிய பிறகே அங்கே புதிய பூச்சு ஏறும். ஜீப்புக்கும் அந்த வரிசையே பொருந்தும்.

வெல்டிங் வைத்த சேசிஸ் பலவீனமானது, உடைப்புக்குப் போடுவதே மேல் என்பது கனமான மறுப்பு. பாதி சரி. அரித்த தகட்டின் மேல் ஒட்டுத் தகடு போட்டால் அதன் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை முனை சரித்து வைத்து, வெல்டிங் கோடு சட்டத்துக்குக் குறுக்கே நேராக விழாமல் பார்த்து, சூட்டில் கோணாதபடி விட்டு விட்டு வைத்தால் நிலைமை வேறு. முடிந்ததும் மூலைவிட்ட அளவுகள் இரண்டும் ஒத்துவர வேண்டும். ஸ்டீரிங் பெட்டி பிடித்திருக்கும் இடமோ, நீளச் சட்டத்தில் பெரும்பகுதியோ மெலிந்துவிட்டால் நானும் மறுப்பவர் பக்கமே. அந்த வண்டி ஆளேற்றக் கூடாது. 2022 ஏப்ரலில் இதே மலையில் புலியூர் அருகே கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதைத் துருவின் கணக்கில் நான் எழுதவில்லை. இந்தச் சரிவுகளில் வண்டிக்குள் எத்தனை உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் எது மெலிந்தது, எது தாங்கும் என்று பிரித்துச் சொல்ல, தொழிலாளி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, செதிள் கண்ணில் விழ, பல மணி நேரம் தட்ட வேண்டும். வெல்டிங்குக்கும் பெயின்டுக்கும் விலை பேசுபவர்கள் இந்த நேரத்தை இலவசமாக எதிர்பார்க்கிறார்கள். பட்டறையும் அதைச் சுருக்கிக்கொண்டு நேரே பூச்சுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தையில் சேறு காய்ந்ததும், பூச்சுக்கு முன்பே இந்தத் தேடலுக்குத் தனிக்கூலி பேசி வண்டியை விட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுக்கலாம். சுரண்டிய சட்டத்தை உரிமையாளர் தானே குனிந்து பார்த்த பிறகு ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறக்கட்டும்.