குட்டை ரகம்

அந்த இலையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். கரும்பச்சை நிறம், தடித்த காம்பு, பொரித்த அப்பளம்போல மேலெல்லாம் மேடுபள்ளம். மூன்று வாரத் தக்காளி நாற்று இப்படி இருந்தால் இலைச்சுருட்டு நோய் என்றுதானே தோன்றும்? வெள்ளை ஈ பரப்பும் அந்த நோய் ஒரு செடிக்கு வந்தால் பக்கத்துச் செடிக்கும் ஆபத்து. ஐந்தில் இரண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். விதை கொடுத்த நண்பரிடம் சொன்னபோது போனிலேயே பதறினார். "ஐயோ, அது நோய் இல்ல சார். குட்டை ரகத்தோட இலையே அப்படித்தான்."

மிஞ்சிய மூன்றும் சேலையூர் வீட்டு மொட்டை மாடியில், 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் நிற்கின்றன. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. அடியில் நாலு துளை. தை பிறந்தபோது உயரம் என் முழங்காலைத் தாண்டவில்லை. தண்டோ கட்டைவிரல் பருமன்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம் 1 தக்காளியையும் வளர்த்திருக்கிறேன். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர் மாற்றத்தைத் தூண்டித் தேர்ந்தெடுத்தது அது. ஓரளவு வளர்ந்ததும் நுனி பூங்கொத்தாகி நின்றுவிடும். இந்தக் குட்டை அப்படி நிற்பதில்லை. வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நிதானமாக. கணுவுக்குக் கணு நெருக்கம். பிராசினோஸ்டீராய்டு என்றொரு வளர்ச்சி ஊக்கி உண்டு. ஒரே ஒரு மரபணு பழுதானதால் அதை இந்தச் செடியால் வேண்டிய அளவுக்குத் தயாரிக்க முடிவதில்லை. இலை சுருங்குவதும் தண்டு நீளாததும் அதனால்தான்.

நண்பர் சொன்ன 'குட்டை ரகம்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தக்காளிக்கு அல்ல, நெல்லுக்கு.

செம்பாக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம் இருந்தது. தாத்தா வைத்தது உயரச் சம்பா. கதிர் வாங்கும்போது உள்ளே நான் நின்றால் வெளியே தெரியாது. அந்த நெல்லுக்கு யூரியா ஆகாது. போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் ஒரே மழையில் படுத்துவிடும். இதற்கு மாற்றாக 1966-ல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டதுதான் ஐஆர் 8. தைவான் நாட்டுக் குட்டை நெல்லையும் இந்தோனேசிய உயர நெல்லையும் இணைத்த ரகம். அங்கேயும் இதே கதைதான், ஊக்கி மட்டும் வேறு. தண்டை நீட்டும் ஜிப்ரலின் போதாமல் பயிர் குட்டையாக நின்றது, உரம் போட்டாலும் எளிதில் சாயவில்லை. அந்த விளைச்சலைக் கண்ட ஒரு தமிழ்நாட்டு விவசாயி, பிறந்த மகனுக்கே ஐஆரெட்டு என்று பெயர் வைத்தார்.

தாத்தாவும் அந்த நெல்லைப் போட்டார். களத்தில் மூட்டை அடுக்கியதைப் பார்த்து அவர் வாயடைத்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் எங்கள் ஆயா போரைப் பார்த்தாள். எப்போதும் கூரையை எட்டும் வைக்கோல் போர் அந்த வருஷம் அவள் தோளுக்குத்தான் வந்தது. "நெல்லு வந்திச்சி சரி, மாட்டுக்கு என்னாத்த போடறது?" என்று கேட்டாள். அறுப்புக்கு வந்த பெண்கள் இன்னும் தாழக் குனிய வேண்டியிருந்தது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். தாத்தாவின் மனக்குறை சோற்றில் இருந்தது. சூட்டோடு சாப்பிட்டால் சரி, ஆறினால் விறைத்துப்போகும். தண்ணீர் ஊற்றி வைத்த பழையது அவருக்கு இறங்கவே இல்லை. பிறகு வந்த ஐஆர் 20 எவ்வளவோ தேவலை. ஆனாலும் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஏரிக்கரை ஓரத்தில் பத்து சென்ட் அளவுக்குப் பழைய சம்பாவைக் கடைசி வரை விடவில்லை. பசிக்கு விளைச்சல் வேண்டும் என்பதை அவர் மறுத்ததில்லை. நாக்கையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டுமே நியாயம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

அதனால்தான் இந்தத் தக்காளியின் பிறப்பைப் படித்தபோது மனம் நிறைந்தது. பழைய குட்டைத் தக்காளிகளில் ருசியானவை குறைவு. ருசியான பாரம்பரிய ரகங்களோ ஆறடி ஏழடி ஏறும். வட கரோலினாவில் கிரெய்க் லெஹூலியர், ஆஸ்திரேலியாவில் பட்ரினா நஸ்கே ஸ்மால் என்ற இரண்டு தோட்டக்காரர்கள், இரண்டையும் இணைப்பது என்று 2005-ல் இறங்கினார்கள். ஒருவர் ஊரில் குளிர்காலம் என்றால் மற்றவர் ஊரில் கோடை. விதை கடல் தாண்டிப் போய்வர, ஒரே வருஷத்தில் இரண்டு தலைமுறை. வீட்டுக் கொல்லையிலும் வாளியிலும் வளர்த்த ஆர்வலர்களே தின்று பார்த்து, ருசியானதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள். என்னிடம் இருப்பது ரோசெல்லா பர்ப்பிள்.

தாம்பரம் வெயிலில் இதற்குக் கிடைக்கும் காலம் கொஞ்சம்தான். மழை ஓய்ந்தபின் காய்க்கத் தொடங்கினால் மாசி வரை. பங்குனியில் இரவும் புழுங்க ஆரம்பித்ததும் பூ காம்போடு உதிர்கிறது. தேனீ வந்தாலும் பயனில்லை, தக்காளி மகரந்தம் அதிர்ந்தால்தான் கொட்டும். காலை ஏழு மணிக்கு ஒரு கருவண்டு வரும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு தரம் உறுமும். அது வராத நாளில் நான் காம்பைச் சுண்டிவிடுகிறேன்.

முதல் பழம் கத்தரிப்பூவும் செங்கல்லும் கலந்த நிறத்தில் பழுத்தது. நறுக்கி, கல்லுப்பு தூவி, அம்மாவிடம் கொடுத்தேன். எண்பத்தாறு வயது. மென்றுவிட்டு, "புளிப்பு இருக்கு, அடியில இனிப்பும் இருக்கு" என்றாள். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

தாத்தாவின் சம்பா விதை எங்களிடம் ஒரு பிடிகூட இல்லை. அந்த ஒன்றரைக் காணியில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு. நேற்று செம்பாக்கத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு வரட்டி வாங்கி வந்தேன். பழச்சதையை இரண்டு நாள் டம்ளரில் ஊறப் போட்டு, அலசி, ஆயா செய்வதுபோல விதைகளை அந்த வரட்டியில் ஒவ்வொன்றாக அப்பினேன். நாற்பத்தொன்று தேறியது. சமையலறைச் சுவரில், அடுப்புச் சூடு படாத பக்கமாக மாட்டியிருக்கிறேன்.