நாற்பது அங்குலம்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் எதிரில் வைத்து அளக்க மாட்டார்கள். மனத்தில் இருப்பதை வைத்தே அளந்துவிடுவார்கள். கதையில் அது செல்லும். கம்பளி நூலிடம் செல்லாது.

கும்பகோணத்தில் தனியாக இருந்த அப்பா, மூன்று வருஷம் மறுத்துவிட்டு, போன ஐப்பசியில் குன்னூருக்கு வந்து எங்களோடு இருக்கச் சம்மதித்தார். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் அவருக்குப் புதிது. அவருக்கென்று பின்புற அறையைச் சீராக்குவது, ஒரு ஸ்வெட்டர் பின்னுவது என்று இரண்டு வேலைகளை நான் ஒரே நாளில் தொடங்கினேன். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், அது போதாதா?

அந்த அறைச் சுவர் ஈரம் காக்கும். எண்ணெய் வர்ணம் பூசினால் கொப்புளித்துவிடும், சுண்ணாம்புதான் சரி. அதில் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து பூசச் சொன்னேன். ஈரத்தில் அது பூசணிக்காய் நிறமாகத் தெரியவே, பயந்துபோய் இன்னும் ஒரு வாளி சுண்ணாம்பைக் கலக்கச் செய்தேன். சுண்ணாம்பு உலர உலர வெளுக்கும் என்பது வெள்ளையடிக்க வந்தவருக்குத் தெரியும். நான் பேச விட்டால்தானே அவர் சொல்வார்! மூன்றாம் நாள் பார்த்தால், காவிக்குச் செலவழித்த காசு சுவரில் எங்கேயும் தெரியவில்லை. ஜன்னல் திரையையும் ஜன்னல் அகலத்துக்கே வெட்டிவிட்டேன். மடிப்பு விழ ஒன்றரை மடங்காவது துணி வேண்டாமா? அது கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி தொங்கியது.

ஸ்வெட்டரின் கதை வேறு. அப்பா எப்போதோ மறந்து வைத்துவிட்டுப் போன சட்டை ஒன்று என் பெட்டியில் இருந்தது. அதை வைத்து மார்புச் சுற்று நாற்பது அங்குலம் என்று முடிவு செய்தேன். எட்டாம் நம்பர் ஊசியில் நாலு அங்குலத்துக்கு 22 கண்ணி. ஆக முதுகுக்கு 110, முன்பக்கத்துக்கு 110. முதலில் நாலங்குலச் சதுரம் ஒன்று பின்னி அளந்து பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். இரவில், அப்பா இங்கே ஒத்துக்கொண்டு இருப்பாரா, நாலு நாளில் கும்பகோணம் போகிறேன் என்பாரா என்று யோசித்துக்கொண்டே பின்னுவேன். கவலைப்படுகிற கை நூலை இறுக்கும். நாலு அங்குலத்தில் 22 கண்ணிக்குப் பதில் 24 விழுந்திருந்தது. முடித்து அளந்தால், சுற்றளவில் மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு!

பிரித்துப் பின்ன நாள் இல்லை. மறுநாள் அப்பா வந்துவிட்டார், தலையில் மங்கிக் குல்லாவோடு. (அந்தக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். 1854-ல் கிரிமியப் போர் நடந்த ஊரின் பெயர் அது. அந்த ஊர்ச் சண்டையில் குதிரைப்படையோடு பாய்ந்த கார்டிகன் பிரபுவின் பெயர்தான் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டருக்கும். சண்டையில் மிஞ்சியது கம்பளிதான் போலிருக்கிறது.)

ஸ்வெட்டரைத் தயங்கிக்கொண்டே நீட்டினேன். போட்டுக்கொண்டார். எங்கும் பிடிக்கவில்லை. இடுப்பருகே கொஞ்சம் தொளதொளப்புக்கூட இருந்தது.

"அளவு எடுக்காமலே எப்படியம்மா இவ்வளவு கச்சிதமாகப் பின்னினாய்?" என்றார்.

கை நீளம் மட்டும் பழைய சட்டையின்படியே சரியாக இருந்தது. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பால் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

அவருடைய குல்லா நைந்து போயிருக்கிறது. மறுநாள் புது நூல் வாங்கி வந்தேன். "ஆடாமல் இருங்கள் அப்பா" என்று முற்றத்து வெயிலில் உட்கார வைத்து, நூலை நெற்றியைச் சுற்றி எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அப்புறம் நாலங்குலச் சதுரம் ஒன்று பின்ன ஆரம்பித்தேன்.