வங்கக் கரையோரம் (6): செம்மண்ணில் வேர்விட்டவர்கள்

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே இறங்கினால், ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிடுகிறது. இந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் பிரெஞ்சுக்காரர் கட்டிய மஞ்சள் சுவர்களோடு தொடங்குவது வழக்கம். எனக்கு அந்தச் சுவர்களைவிட, இங்கே வந்து சேர்ந்த மனிதர்கள்மேல்தான் ஆர்வம். புதுச்சேரியைப்போல வந்தவர்களால் உருவான ஊர் தமிழ்நிலத்தில் அதிகம் இல்லை. 1674-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேன் வந்தார். 1908-இல் ஆங்கிலேய அரசின் கைக்குத் தப்பிப் பாரதியார் வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பாரதியார் இங்கே இருந்த பத்து ஆண்டுகளில்தான் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன. அடைக்கலம் தேடி வந்த ஒருவருக்கு ஊர் இடம் கொடுத்தது. பதிலுக்கு அவர் கொடுத்துவிட்டுப் போனதை நாம் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தமுறை நான் தேடிப் போனது இன்னும் தொலைவிலிருந்து வந்தவர்களை. பிரேசில் நாட்டில் பிறந்து, இங்கே தங்கி, இந்த மண்ணோடு கலந்துவிட்ட சிலர் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் வாழ்கிறார்கள். எண்ணிக்கையில் மிகக் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒரு ஊரை வளப்படுத்தக் கூட்டம் தேவையில்லை என்பதை அங்கே போய்த் தெரிந்துகொண்டேன்.

புறப்படும் முன், நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டுக்குள் காலையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். மீன் அங்காடி இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால், ஒரு கடையில் முந்திரிப்பருப்பு முழுசு, பாதி, குருணை என்று தரம் பிரித்துக் குவித்திருக்கிறார்கள். பக்கத்தில் அன்னாசி அடுக்கியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு. மூன்றுமே பிரேசிலும் அதைச் சுற்றிய தென் அமெரிக்க நிலமும் பெற்ற பிள்ளைகள். முந்திரி பிரேசிலின் வடகிழக்குக் கரையைச் சேர்ந்த மரம். போர்ச்சுகீசியர் அதைப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்த மரம்தான். மணிலாக்கொட்டையின் பூர்வீகமும் தென் அமெரிக்காதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகருக்கு அது கப்பல் கப்பலாகப் போனது. மனிதர்கள் வந்து குடியேறுவதற்கு வெகுகாலம் முன்பே பிரேசிலின் செடிகள் நம் வயலிலும் அடுப்படியிலும் குடியேறிவிட்டன.

போக்குவரத்து ஒருவழியாகவும் இருக்கவில்லை. இதே புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகப் பிரெஞ்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனார்கள். பிரேசிலின் வடக்கு எல்லையை ஒட்டிய பிரெஞ்சு கயானாவுக்கும் போனார்கள். கயானாவுக்குப் போனவர்களில் மாண்டவர்கள் ஏராளம் என்பதால் 1870-களில் அந்த அனுப்புதலே நின்றது. கரும்புத் தீவுகளில் பிழைத்தவர்கள் மாரியம்மனையும் மசாலாவையும் அங்கே நிலைநாட்டினார்கள். குவாதலூப் வீடுகளில் இன்று அந்த மசாலா ஊர்ச் சமையலாகவே ஆகிவிட்டது. வெளியூரில் நம்மவர்கள் செய்ததை நினைத்துப் பெருமைப்படும் நாம், நம் ஊருக்கு வந்தவர்கள் செய்ததையும் அதே மனத்தோடு பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டையையும் கோட்டக்குப்பத்தையும் தாண்டி, பெரிய முதலியார் சாவடியில் மேற்கே திரும்பினால் சாலை மெல்ல மேடேறுகிறது. குயிலாப்பாளையம் வருகிறது. கடற்கரையின் வெளிறிய மணல் போய், கண்ணைப் பறிக்கும் செம்மண் தொடங்குகிறது. புதுச்சேரி என்றே நாம் சொல்லிப் பழகினாலும், ஆரோவில்லின் பெரும்பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது.

இந்த மேட்டு நிலத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளேசுவரர் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. கடுவெளிச் சித்தர் அங்கே தவமிருந்தார். நாட்டியமாடிய பெண்ணின் காலிலிருந்து கழன்று விழுந்த சிலம்பை எடுத்து அவர் மாட்டிவிட, கூடியிருந்தவர்கள் கேலி செய்தார்கள். சித்தர் சினந்து பாட, லிங்கம் வெடித்தது, நிலம் பாலையாகப் போனது. தொலைதூரத்திலிருந்து வருகிறவர்கள் இந்த நிலத்தை மீண்டும் பசுமையாக்குவார்கள் என்பது அந்தக் கதையின் கடைசிப் பகுதி. சுற்றுவட்டாரக் கிராமத்தார் இதை இன்றும் சொல்கிறார்கள்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் அன்னை என்று அழைக்கப்பட்ட மீரா அல்ஃபாஸா. அவர் பாரிசில் பிறந்தவர். 1914-இல் முதன்முறை புதுச்சேரிக்கு வந்து, 1920-இல் இங்கேயே நிலையாகத் தங்கிவிட்டவர். தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணையும் இந்திய மாநிலங்களின் மண்ணையும் இளைஞர்கள் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவச் சலவைக்கல் கலயத்தில் இட்டார்கள். அப்போது இங்கே இருந்தது பொட்டல் மேடும் சில பனைமரங்களும்தான். மழை பெய்தால் செம்மண் கரைந்து பள்ளங்களை அரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். வந்தவர்கள் தொடக்கத்தில் செய்த வேலைகளில் ஒன்று, மண்கரை போட்டு மழைநீரைத் தேக்குவது. பிறகு கன்று நட்டார்கள். இன்றுவரை நட்டவை இருபது லட்சத்துக்கும் மேல் என்பது ஆரோவில் தரப்புக் கணக்கு.

குயிலாப்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். தோல் எண்ணெய் பட்டுப் புண்ணாகாமலிருக்கக் கையில் சாம்பல் பூசியிருந்தார். கட்டையால் ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வந்தது.

“கன்னு நடுறதுக்கு நானும் கூலிக்குப் போனவதான் தம்பி. குழி வெட்டுனோம், தூக்குத் தூக்கா தண்ணி சொமந்து ஊத்துனோம். வெய்யில்ல அந்த மண்ணுல கால் வெக்க முடியாது. இப்பப் போய்ப் பாருங்க, நிழலு!” என்றார்.

அந்தப் பேச்சில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. காடு வந்தவர்களின் கனவு மட்டும் இல்லை, ஊர்க்காரர்களின் முதுகெலும்பும்தான். விதையும் அப்படித்தான். இந்தக் கரையின் சொந்தக் காடு வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு. வீரை, காயா, உலக்கைப் பாலை, கருங்காலி எல்லாம் அதன் மரங்கள். மற்ற இடங்களில் அழிந்துபோன அந்தக் காட்டின் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவை கோயில் காடுகள். கடற்கரைச் சாலையில் இருக்கும் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அவற்றில் பேர்போனது. ஐயனார் காட்டில் ஒரு சுள்ளியும் ஒடிக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக ஊர் கட்டுப்பட்டு நின்றது. அப்படிப்பட்ட காடுகளில் பொறுக்கிய விதைகள்தான் ஆரோவில் நாற்றங்கால்களில் முளைத்தன.

மாலையில் பிரேசிலைப் பார்க்கக் கிடைத்தது. கூரை போட்ட ஒரு திறந்த கூடத்தில் கப்போய்ரா பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சிறுவரும் சிறுமியரும் வட்டமாக நிற்க, நடுவில் இருவர் எதிரெதிரே ஆடுகிறார்கள். ஒருவர் கால் சுழல, மற்றவர் அதன் அடியில் குனிந்து கைகளை ஊன்றிப் புரண்டு எழுகிறார். அடி படுவதில்லை. சண்டையா நடனமா என்று பிரித்துச் சொல்ல முடியாத கலை அது. ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வளர்த்தது. பிரேசிலில் அடிமைமுறை 1888-இல்தான் ஒழிந்தது. அடுத்த இரண்டே ஆண்டில், 1890-இன் தண்டனைச் சட்டம் கப்போய்ராவைக் குற்றமாக்கியது. 1930-களில்தான் தடை தளர்ந்தது. 2014-இல் யுனெஸ்கோ இந்தக் கப்போய்ரா வட்டத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

வட்டத்தின் தலைமாட்டில் பெரிம்பாவ் வாசித்தவன் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன். வில்லைப்போல வளைத்த கம்பு, அதில் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி, கீழே ஒரு சுரைக்குடுக்கை. வலது கையில் மெல்லிய குச்சியும் சின்னக் கிலுகிலுப்பைக் கூடையும். இடது கைச் சுண்டுவிரல் முழு வில்லின் எடையையும் தாங்க, அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கூழாங்கல்லைப் பிடித்துக் கம்பியில் வைத்து வைத்து எடுத்தன. குடுக்கையின் வாயை வயிற்றில் அழுத்தும்போது ஓசை அடங்குகிறது, விலக்கும்போது விரிகிறது. வில்லிசை கேட்டு வளர்ந்த எனக்கு அந்த வில்லைக் கண்டதும் உடம்பு சிலிர்த்தது. பையன் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, சுற்றி நின்ற எடையன்சாவடி, குயிலாப்பாளையத்துப் பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள்.

அன்று சொல்லிக்கொடுத்தவர் குயிலாப்பாளையத்து இளைஞர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிரேசில்காரர். நான் மனத்தில் குறித்துக்கொண்டது இதைத்தான். ஒரு கலையைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவது வேறு, அது ஊர்ப் பிள்ளையின் கைக்கு மாறும்வரை கூட இருப்பது வேறு. இரண்டாவதைச் செய்பவர்தான் ஊருக்கு வளம் சேர்க்கிறார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆரோவில்லில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. கோட்டக்கரைப் பக்கம் இருக்கும் ஸ்வரம் இசைக்கருவிப் பட்டறையைத் தொடங்கியவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். அங்கே கருவிகளைச் செய்து சுருதி கூட்டுபவர்கள் சுற்றுக் கிராமத்து இளைஞர்கள். ஐக்கியம், உதவி, இசை அம்பலம் போன்ற பள்ளிகளில் படிப்பவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். இன்று ஆரோவில்லில் வாழும் மூவாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழப் பாதி இந்தியர்கள். தமிழர்கள் அவர்களில் பெரும்பங்கு.

குறைகளும் உண்டு. நிலத்தின் விலை ஏறி, உழவர் பிள்ளைக்குச் சொந்த ஊரிலேயே மனை வாங்க முடியாத நிலை வந்திருக்கிறது. எத்தனையோ கிராமத்தாருக்கு ஆரோவில் இன்னும் கூலி கொடுக்கும் இடம்தான். 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை வெட்ட இயந்திரங்கள் வந்தபோது எழுந்த வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம் தாண்டி உச்சநீதிமன்றம்வரை போனது. நட்டவர்களுக்கும் நகரம் கட்ட வேண்டும் என்பவர்களுக்கும் நடுவில் ஊர்க்காரரின் குரல் சரியாகக் கேட்கப்படவில்லை என்பது என் ஆதங்கம். வந்தவரும் இருந்தவரும் ஒரே திண்ணையில் சமமாக உட்கார்ந்து பேசினால்தான் இந்த முயற்சி முழுமையாகும்.

ஆரோவில்லுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆரோவில் நடுவே இருக்கும் மாத்ரி மந்திரின் பொன்கோளத்தைப் பார்த்துப் படமெடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். குயிலாப்பாளையம் தெருவில் இறங்கி நடங்கள். இரும்பைக் கோயிலுக்கும் புத்துப்பட்டு ஐயனார் காட்டுக்கும் போய் வாருங்கள். அந்தப் பக்கத்தில் முந்திரி வாங்கினால் உடைப்பவர் கையிலேயே வாங்குங்கள். உங்கள் ஊருக்கு எங்கிருந்தோ பிழைக்க வந்திருக்கும் ஒருவர் என்ன தெரிந்துகொண்டு வந்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதைக் கற்றுக்கொள்ள உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்.

அடுத்த வாரம் அரிக்கமேட்டுக்குப் போகலாம்.

(தொடரும்)