கவிழ்த்து வைக்கத் தெரிய வேண்டும்

வயதானவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பேசப் பிடிக்கும். இன்று அதை ஒரு சீட்டாட்டத்தை வைத்துப் பேசுகிறேன். போக்கரில் ஒரு வகை அது, டெக்ஸஸ் ஹோல்டெம் என்று பெயர். கல்லூரியில் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்தபோது சொல்லிக்கொடுத்தான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, அதை மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் வைக்கும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒவ்வொன்றாக. பழைய டிரா போக்கரில் இரண்டு சுற்றுதான் பந்தயம். இதில் நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் தொடரலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

கவிழ்ப்பது என்றதும் பெரியப்பா ஞாபகம் வந்தது. தீபாவளி ராத்திரிகளில் வீட்டுக் கூடத்தில் ரம்மி ஆடுவோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். பெரியப்பா அடிக்கடி சீட்டைக் கவிழ்த்துவிட்டு வெற்றிலை மடிப்பார். "உங்களுக்குச் சலிப்பா இல்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். "கை சரியில்லைன்னா பேசாம உக்காரணும்டா. அடுத்த ஆட்டம் வராமலா போயிடும்?" என்றார்.

ஹோல்டெமும் நிதானமாகத்தான் வளர்ந்தது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்ஸஸ் மாநிலத்து ராப்ஸ்டவுனில் பிறந்தது என்பார்கள். 2007இல் அம்மாநிலச் சட்டமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 1963இல் கார்க்கி மெக்கார்க்கடேல் என்பவர் அதை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோனார். 1970இல் பென்னி பினியன் தன்னுடைய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' போட்டியைத் தொடங்கினார்.

அவசரம் வந்தது 2003இல். டென்னஸியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் ஆடி, அதன் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்தார். 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வென்றார். நாமும் வெல்லலாமே என்று உலகமே கிளம்பியது. 2006இல் முதன்மைப் போட்டியில் உட்கார்ந்தவர்கள் 8,773 பேர்.

ஜெயித்தவர் பெயர் ஊரெல்லாம் பரவும், தோற்றவர் பெயரை யாரும் சொல்வதில்லை. இணையத்தில் ஆடுபவனுக்கு எதிராளி முகமும் தெரியாது, "போதும்ப்பா, எழுந்திரு" என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் கிடையாது. ரம்மியோ போக்கரோ, நடு ராத்திரியில் தனியாக ஆடிக் கடனில் மூழ்கி, உயிரையே விட்ட பிள்ளைகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அதனால்தான் 2023இல் மாநிலச் சட்டமும், 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் வந்தன.

சட்டம் வாசலை மூடும். எழுந்து வரும் பழக்கத்தை வீடுதான் கொடுக்க முடியும். சீட்டே தொடாதே என்று பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். காசில்லாமல் கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும், கவிழ்த்து வைப்பதை முதலில் கற்றுக்கொடுங்கள். யாராவது ஏற்கெனவே தோற்றுக் கடனோடு நின்றால், திட்டுவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.