சல்லடை

போன சித்திரையில் நான் ஒரு பொய் எழுதினேன். எழுதும்போது பொய் என்று தெரியாது. இப்போதும் முழுப் பொய் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

அக்கா மகனின் கம்ப்யூட்டரில் புதிய விளையாட்டுகள் திக்கித் திணறின. கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்றான். வாங்கியவர்கள் எழுதியிருந்த அபிப்பிராயங்களை இரண்டு ராத்திரி இருவருமாகப் படித்தோம். எல்லாம் ஒரே சுருதி: எந்த விளையாட்டும் உச்ச அமைப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வாங்கினோம்.

“மாமா, தெறிக்கி! துட்டு குடுத்தது நீங்கதான, நீங்களே எழுதிப் போடுங்க” என்றான். ஐந்து நட்சத்திரம் போட்டேன். பெட்டியைப் பிரித்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

கத்திரி வெயில் வந்தது. மாடி அறையின் மத்தியானத்தில் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. நெரிசலான காட்சிகளில் படம் திக்கிற்று. சராசரி என்னவோ வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல்தான். ஆனால் சராசரியில் யாரும் விளையாடுவதில்லை. திக்குகிற கணத்தில் தோற்கிறார்கள். அப்படியானால் நான் புகழ்ந்தது எதை? கார்டை அல்ல, பழைய திணறல் நின்றுபோன ஆசுவாசத்தை. கொடுத்த பணத்துக்கு வக்காலத்தும் வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் படித்தவையும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தத் திரை, எந்த அமைப்பு, எதோடு ஒப்பிட்டு—ஒன்றும் இல்லை. 1080 திரையில் ஓடும் அதே காட்சிக்கு 4கே திரையில் நாலு மடங்கு புள்ளிகள் வரைய வேண்டும். ‘வழுக்கிக்கொண்டு’ என்ற சொல் இரண்டுக்கும் பொது.

தயாரிப்பாளர்களும் சளைத்தவர்களல்ல. 2025 ஜனவரியில் என்விடியா தன் 5070 கார்டை, முந்தைய தலைமுறையின் உச்சமான 4090க்கு ஈடு என்றது. செயற்கை அறிவு நடுவில் நுழைத்த ஃபிரேம்களையும் சேர்த்த கணக்கு அது. நம் பாஷையில் இடைச்செருகல். கண்ணுக்குப் படம் சீராகும். விரலுக்குப் பதில் அதனால் விரைந்து வராது.

2022இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இணைய அபிப்பிராயங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. கூலிக்கு எழுதுகிறவனை அது பிடிக்கலாம். என்னைப் பிடிக்காது. நான் அசல் வாடிக்கையாளன், சொந்தப் பணம், நிஜமான சந்தோஷம்.

இந்த ஊருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. திறக்காத சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் எடுத்த ஊர் இது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. குளிப்புக்கு முன் பாரிலிருந்து மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். யாரோ ஒருவனுக்கு ஒரு சிப்பியில் அடித்த யோகம் மதிப்பாகிவிடக் கூடாதல்லவா? இந்த வளைகுடாவின் முத்து வியாபாரத்தில் அன்று பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. முத்து துளையில் விழுந்தால் விழுந்ததுதான். வைத்திருப்பவனின் ஆசை அதை நிறுத்தி வைக்காது. உருட்சியும் ஒளியும் பார்க்கிற கண்ணுக்கு அதன் பிறகே வேலை.

நாம் சல்லடையைத் தொடாமல் நேரே கண்ணுக்குப் போகிறோம். கார்டில் மட்டுமல்ல. சிநேகிதனின் கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று மணி நேர மதிப்புரைகள்.

கார்டுக்கு எழுதியதைத் திருத்தினேன். மூன்று நட்சத்திரம், திரை, அமைப்பு, அறைச் சூடு, திக்கிய இடங்கள். “குடுத்த துட்டுக்கு நீங்களே கொறை சொல்லுதியளே மாமா” என்று அவனுக்கு வருத்தம்.

முதலில் எழுதியதைப் பதினோரு பேர் பயனுள்ளது என்று குறித்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்களோ. திருத்தியதற்கு இதுவரை ஒருவர்.